பொதுமக்கள் – ஒரு நபர்

எங்கள் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள், கண்ணாடியக்கா என்ற பெயரைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவரைத் தேடுவார்கள். அவருக்குக் கண் கடைசிவரை கூர்மையாகத்தான் இருந்தது. ஆய்வுக்கூடத்துக் குடுவைகளையும் குழாய்களையும் கழுவுகிறவர் என்பதால் வந்த பெயர் அது. இருபத்துமூன்று வருடம் கழுவினார். நான் அந்தத் துறை அலுவலகத்தில் எழுத்தர். அவர் சம்பந்தப்பட்ட காகிதம் எதுவானாலும் என் கையால்தான் தட்டச்சானது. அதனால் இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, சொல்லாமல் தப்பிக்க வழியில்லை.

கழுவும் அறை தரைத்தளத்தின் கோடியில் இருந்தது. மூன்று தொட்டிகள், உலர்த்துகிற மின்னடுப்பு ஒன்று, சுவர் முழுக்க மரமுளை அடித்த பலகை. கழுவிய குடுவைகள் அந்த முளைகளில் தலைகீழாகத் தொங்கும். மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு. அது சுற்றி நான் பார்த்ததில்லை. ஜன்னலைத் திறந்தால் வெளியே வரிசையாக வைத்திருக்கும் ஏசி பெட்டிகளின் அனல் முகத்தில் அறையும். அதனால் ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும்.

பிசுக்குப் போவதற்காக முதலில் ஒரு திரவத்தால் அலச வேண்டும். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. அக்கா அதைப் பெட்ரோல் தண்ணி என்பார். வாசனை அப்படி. பிறகு சோப்பு, பிறகு குழாய்த் தண்ணீர், கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை. கழுவிய குடுவையைச் சாய்த்துப் பார்ப்பார். தண்ணீர் ஒரே துணி மாதிரி வழிந்து இறங்க வேண்டும். எங்காவது ஒரு துளி ஒட்டி நின்றால் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு மாணவரின் ஆறு மாத வேலை அந்தத் துளியால் நாசமாகலாம் என்பது அவருக்குத் தெரியும். மாணவர்களில் பலருக்குத் தெரியாது.

அவர் வேலைக்கு வந்து பதினைந்தாவது வருடம் அந்தப் பயிற்சி ஆரம்பித்தது. எங்கிருந்தோ ஒரு பெரிய ஆராய்ச்சி நிதி வந்தது, கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: ஆய்வு மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வேலையைச் சாதாரண மக்களுக்குப் புரிகிற மாதிரி மூன்று நிமிடத்தில் சொல்லப் பழக வேண்டும். சொல்லிக்கொடுக்க ஒரு அம்மா வந்தார். செய்தித்தாளில் அறிவியல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டதால் வெளியே வந்திருந்தார். குட்டை முடி, கனத்த குரல். நாங்கள் அவரைப் பயிற்சியம்மா என்று அழைத்தோம்.

முதல் நாளே அவர் துறைத்தலைவரிடம் கேட்டார். "சார், இவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டா எல்லாம் புரிஞ்ச மாதிரிதான் இருக்கும். விஷயம் தெரியாத ஆள் ஒருத்தர் எனக்கு வேணும். நிஜமான பொதுமக்கள்."

தலைவர் யோசிக்கவே இல்லை. "கண்ணாடியக்காவைக் கூப்பிடுங்க" என்றார்.

ஈரக்கையை முன்றானையில் துடைத்தபடி அக்கா வந்தார். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் ஒரு மஞ்சள் அட்டையைக் கொடுத்தார்கள். புரியாதபோது அதைத் தூக்க வேண்டும். முதல் மாணவன் வாயைத் திறந்த இரண்டாவது வாக்கியத்திலேயே அட்டை மேலே போனது. அவன் வேறு மாதிரி சொன்னான். மறுபடியும் போனது. "புரதம்" என்று வேர்த்தான்.

"புரதம்னா முட்டையில இருக்குமே, அதா?"

"அதேதான்க்கா. ஆனா இது மூளையில."

"மூளையில இருந்தா நல்லதுதானே?"

"இல்லக்கா, அது மடிய வேண்டிய மாதிரி மடியலை. தப்பா மடிஞ்சிருச்சு."

"துணி மடிக்கிற மாதிரியா? சரி. தப்பா மடிச்சா அதனால என்ன?"

அறை சிரித்தது. பயிற்சியம்மா சிரிக்கவில்லை. "எல்லாரும் எழுதிக்கோங்க. 'அதனால என்ன?' இதுக்கு உங்ககிட்ட பதில் இல்லேன்னா ஆராய்ச்சியை மூட்டை கட்டிடுங்க" என்றார்.

அதிலிருந்து வருடத்துக்கு மூன்று நாள் அக்காவுக்கு அந்த நாற்காலி. வாய்மொழித் தேர்வுக்குக்கூடப் பயப்படாதவர்கள் அக்காவின் "அதனால?"வுக்குப் பயந்தார்கள். வருடம் முப்பது பேர் என்று வைத்துக்கொண்டால் எட்டு வருடத்தில் இருநூற்று நாற்பது ஆராய்ச்சிகளை அவர் கேட்டிருப்பார். அத்தனையையும் கேட்ட ஆள் அந்தக் கட்டடத்தில் வேறு யாருமில்லை. பேராசிரியர்கள் தங்கள் சொந்த மாணவர்கள் பேசும்போதே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் நாள் எல்லோருக்கும் சான்றிதழ் உண்டு. அக்காவுக்கு இல்லை. பங்கேற்றோர் பட்டியலின் கடைசி வரியில் "பொதுமக்கள் – ஒரு நபர்" என்று ஒவ்வொரு வருடமும் நான் தட்டச்சு செய்வேன். பெயர் போடலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

கேட்டதையெல்லாம் அவர் வீட்டில் போய்ச் சொல்வார். அவர் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். "எங்க வீட்டுல சோத்துக்கு முன்னாடி ஒரு லெக்சர் சார். போன வாரம் ஈயோட கண்ணு. இந்த வாரம் கடலுக்கடியில ஏதோ புழு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். குரலில் கிண்டல் இருந்தது. முகத்தில் பெருமைதான் இருந்தது.

எட்டாவது வருடப் பயிற்சி முடிந்த பிறகுதான் குடுவைகள் உடைய ஆரம்பித்தன.

வருடத்துக்கு இரண்டு உடைந்தால் அதிகம் என்று பெயர் வாங்கியவர். அந்த வருடம் பத்தொன்பது. உடைந்த சாமான் பதிவேட்டை ஸ்டோர்காரர் என் மேசைமேல் போட்டு, "அக்காவுக்கு நினைப்பு வேற எங்கேயோ இருக்கு. என்னன்னு கேளுங்க" என்றார். கேட்டேன்.

"பிடிச்சிருக்கேன்னுதான் நினைக்கிறேன் தம்பி. பாத்தா கீழ கிடக்கு" என்றார்.

விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. காலிலும் அப்படித்தான். ஒருநாள் காலையில் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார். இன்னொன்று எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. வாசலில் காவலாளி சொல்லித்தான் குனிந்து பார்த்திருக்கிறார். தெருமுனை டாக்டர் சர்க்கரையாக இருக்கும் என்றார். சோதித்தால் சர்க்கரை இல்லை. வயசு என்றார், சத்துக்குறைவு என்றார், மாத்திரை எழுதினார்.

ஒன்பதாவது வருடப் பயிற்சியில் சுருட்டை பேசினாள். தலைமுடியால் வந்த பெயர் அது. துறைத்தலைவரிடமே ஆய்வு செய்துகொண்டிருந்த பெண். மதியச் சாப்பாட்டைக் கழுவும் அறைக்குக் கொண்டுவந்து அக்காவோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான். மேடையில் நின்று, நடுக்கமே இல்லாமல் ஆரம்பித்தாள்.

"அக்கா, நம்ம நரம்பு ஒரு நீளமான ரோடு. அதுல ராத்திரி பகலா சாமான் வண்டி ஓடிக்கிட்டே இருக்கும். சில வாசனை இருக்கு. மூச்சுல கொஞ்சம் கொஞ்சமா, வருஷக்கணக்கா உள்ள போனா, அந்த வண்டி நடுவழியில நின்னுடும். வண்டி நின்னா எந்த ஊருக்கு முதல்ல சாமான் வராது?"

"கடைசி ஊருக்கு" என்றார் அக்கா.

"ஆமா. உடம்புல கடைசி ஊரு எது? கால் விரல். அப்புறம் கை விரல். அங்கதான் முதல்ல மரத்துப்போகும். நான் எலிக்கு அந்த வாசனையைக் காட்டி, ஆறு மாசம் கழிச்சு ஒரு கம்பிமேல நடக்கவிட்டேன். கால் வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. வழுக்குறது எலிக்கே தெரியலை."

மஞ்சள் அட்டை அக்காவின் மடியிலேயே கிடந்தது. "அதனால?" என்று அவர் கேட்கவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த வாசனை கண்ணு அது?"

சுருட்டை அந்த நீளமான பெயரைச் சொன்னாள்.

"அப்படின்னா? நான் கையில ஊத்துறேனே, அந்தப் பெட்ரோல் தண்ணியா?"

மேடையில் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அத்தனை நாள் அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அவளுக்கு அதுவரை அது தோன்றியிருக்கவில்லை. "ஆமாக்கா" என்றாள், மெதுவாக.

பயிற்சியம்மா எழுந்து நின்று கைதட்டினார். "பாருங்க! கேக்கிறவங்க தன்னோட வாழ்க்கையில கொண்டுபோய்ப் பொருத்திப் பாக்கிறாங்க பாருங்க, இதுதான் தொடர்பு! இதைத்தான் ஒன்பது வருஷமாச் சொல்றேன்!" அறை முழுக்கக் கைதட்டியது. சுருட்டைக்கு அந்த வருடம் முதல் பரிசு.

மறுநாள் காலையில் அக்கா என் மேசைக்கு வந்தார். ஒரு மனு எழுத வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் பார்த்த மனுக்களிலேயே தெளிவானது அதுதான். எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு திரவம், ஃபேன் ஓடாதது, ஜன்னல் திறக்க முடியாதது, எந்த மாதம் எந்த விரலில் ஆரம்பித்தது. கடைசியில் ஃபேனைச் சரிசெய்ய வேண்டும், தன்னை நரம்பு டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று இரண்டே கோரிக்கை. மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது.

ஒரு மாதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது மனு. அவர் தினமும் வந்து கேட்டதால் ஒரு கூட்டம் போட்டார்கள். துறைத்தலைவர், பாதுகாப்பு அதிகாரி, சுருட்டை, அக்கா, குறிப்பெடுக்க நான். தலைவர் மனுவை விரித்துவைத்துக்கொண்டு தன் மாணவியைப் பார்த்தார். அவளுடைய ஆய்வேடு இன்னும் மூன்று மாதத்தில் அவர் கையெழுத்துக்கு வர வேண்டும்.

"இந்த அம்மாவோட கைக்கும் உங்க எலிக்கும் சம்பந்தம் இருக்கா? நீங்க என்ன சொன்னீங்க?"

சுருட்டை மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "சார், விலங்கு மாதிரிகளில் கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் கிடைத்த முடிவுகளை மனிதர்களுக்கு நேரடியாகப் பொருத்துவதில் வரம்புகள் உள்ளன. செறிவு, கால அளவு, தனிநபர் வேறுபாடுகள் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாமல் காரண காரியத் தொடர்பை நிறுவ இயலாது."



"கண்ணு, எனக்குப் புரியலை" என்றார் அக்கா.

சுருட்டை தலைவரைப் பார்த்தாள்.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. நீதானே சொன்ன, கடைசி ஊருக்குச் சாமான் வராதுன்னு."

"அது... ஒரு உவமைக்கா."

"உவமைன்னா? பொய்யா?"

"பொய் இல்லக்கா. ஆனா... முழுசா அப்படியும் இல்ல."

"பாதி நிஜம்னா அந்தப் பாதிக்காவது ஃபேனைப் போடச் சொல்லேன்."

பாதுகாப்பு அதிகாரி இருமினார். துறைத்தலைவர் கனிவாகப் பேசினார்; அவர் எப்போதும் கனிவாகத்தான் பேசுவார். "அம்மா, உங்க மேல எங்களுக்கு மரியாதை இருக்கு. ஆனா அறிவியலை அரைகுறையாப் புரிஞ்சுக்கிட்டா பயம்தான் மிஞ்சும். நீங்க வீணா மனசைக் குழப்பிக்காதீங்க. உங்களுக்கு லேசான வேலையா மாத்தித் தரோம்."

அறிக்கையை நான் தட்டச்சு செய்தேன். "பயிற்சியில் கூறப்பட்ட எளிமைப்படுத்திய விளக்கத்தைப் பணியாளர் தவறாகப் புரிந்துகொண்டதே புகாருக்குக் காரணம்." தலைவர் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் அப்படியே.

அதே வாரம் பயிற்சியம்மாவிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. அடுத்த வருடம் வேறு ஆள் வேண்டுமாம். "தற்போது அமர்பவர் நீண்டகால அனுபவத்தால் அதிகம் தெரிந்தவராகிவிட்டார். இனி அவரைப் பொதுமக்களின் பிரதிநிதியாகக் கருத இயலாது." பதில் கடிதமும் நான்தான் அடித்தேன்: தங்கள் கருத்து ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அறிக்கையையும் இந்தப் பதிலையும் ஒரே கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துவைத்தேன். ஒன்றில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொன்றில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டிலும் துறைத்தலைவரின் ஒரே கையெழுத்து. பிறகு மதிய உணவுக்குப் போனேன்.

மறு வருடப் பயிற்சியில் திரையில் ஒரு படம் போட்டார்கள். "தவறான புரிதல்: ஒரு உண்மைச் சம்பவம்" என்று தலைப்பு. பெயர் குறிப்பிடவில்லை. அப்போதும் பெயர் போட வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

லேசான வேலை என்பது மாடிப்படி துடைப்பது. நான்கு மாடி, எண்பத்தெட்டு படி. கால் பதிவது தெரியாத ஒருவரை ஈரப் படியில் ஏறி இறங்க விட்டார்கள். இரண்டுமுறை விழுந்தார்.

கழுவும் அறைக்கு ஒப்பந்தத்தில் ஒரு இளம்பெண் வந்தாள். வந்த மூன்றாம் நாள் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். நான் ஸ்டோர் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தேன், கதவு திறந்திருந்தது.

"இந்தாம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு" என்று ஆரம்பித்தார். ரோடு, சாமான் வண்டி, கடைசி ஊர். சுருட்டையைவிட நன்றாகச் சொன்னார். எலியை விட்டுவிட்டார், எலிக்குப் பதிலாகத் தன் கையை நீட்டினார். "ஜன்னலைத் திறந்து வை. அனலடிச்சாலும் பரவாயில்ல. முகத்தை அந்தத் தொட்டிக்கு மேல கொண்டுபோகாத."

அந்தப் பெண் கையிலிருந்த பிரஷ்ஷை நிறுத்தாமலே கேட்டாள். பிறகு சொன்னாள். "அக்கா, இங்கிருந்து உங்களை எடுத்துட்டாங்கன்னு வெளிய பேசிக்கிட்டாங்க. உங்க வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது. ஆனா எனக்கு இந்த வேலை வேணும்க்கா. என்னைப் பயமுறுத்தாதீங்க."

அக்கா வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். "நல்லாத்தானே சொன்னேன் தம்பி?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் சொன்னீங்கக்கா."

"அப்புறம் ஏன் புரியலை?"

அந்தப் பெண்ணுக்குப் புரியாமல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் அலுவலகத்துக்குப் போய்விட்டேன்.

சுருட்டைக்குப் பட்டம் கிடைத்தது. வெளிநாட்டில் வேலையும் கிடைத்தது. போவதற்கு முன் மாடிப்படியில் அக்காவைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். நான் பார்க்கவில்லை, அக்காதான் சொன்னார்.

"நான் அன்னிக்கு மேடையில சொன்னதெல்லாம் நிஜம்தான்க்கா, நீங்க நல்ல டாக்டரைப் பாருங்கன்னா. சரிம்மான்னேன். இதை அந்தக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். அதுக்கு அழுதா. அழறவளை என்ன செய்யிறது? நான்தான் சமாதானம் பண்ணி அனுப்பினேன்."

பரிசு வாங்கிய அந்த மூன்று நிமிடப் பேச்சு இன்றும் துறையின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. வீடியோக்காரர் எடுத்ததில் அக்காவின் பின்தலையும் தெரியும். அவர் கேட்ட கேள்வியை வெட்டிவிட்டார்கள்.

கடைசியில் கணவரே லீவு போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஊசிபோட்டு, மின்சாரம் விட்டு நரம்பைச் சோதித்தார்கள். அந்த டாக்டர் ஒரே கேள்வி கேட்டாராம்: எங்கே வேலை, என்ன திரவம்? வேலை செய்கிற இடத்திலிருந்து அதை எழுதி வாங்கிவரச் சொன்னார். அந்தக் கடிதத்தையும் நான் அடித்தேன். இரண்டு வரிதான். துறைத்தலைவர் வாசித்துவிட்டு, "இதுல கையெழுத்துப் போட்டா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்று மேசை இழுப்பறையில் வைத்தார். கொள்முதல் பதிவேடு என் அலமாரியில்தான் இருந்தது. எந்த மாதம் எத்தனை கேன் வந்தது என்று அதில் வரிவரியாக இருக்கிறது. ஒரு பக்கத்தை நகலெடுத்து அக்காவின் பையில் போட எனக்கு ஒரு நிமிடம் போதும். எனக்கு இரண்டு பிள்ளைகள், ஓய்வுக்கு ஆறு வருடம் பாக்கி. நான் போடவில்லை. கணவரிடம், "இன்னும் கையெழுத்து ஆகலைங்க" என்றேன். அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "அவளுக்கு ரவிக்கை ஊக்கு மாட்டிவிடறது இப்ப நான்தான் சார்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து ராஜினாமாக் கடிதத்தோடு இருவரும் வந்தார்கள். அதை உள்ளே அனுப்பினேன். அரை மணியில் திரும்பி வந்தது. பணிப்பதிவேட்டில் இருக்கும் கையெழுத்தும் இந்தக் கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை, கைரேகை வைக்க வேண்டும் என்று குறிப்பு. பதிவேட்டில் இருந்தது இருபத்திநாலு வயதில் போட்ட கையெழுத்து. குண்டு குண்டாக, வரிசை பிசகாமல், பள்ளிக்கூடத்துக் கையெழுத்து.

"நான் கையெழுத்துப் போடத் தெரிஞ்சவ தம்பி" என்றார் அக்கா.

"தெரியும்க்கா. ஆபீஸ் முறை."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மைத்தட்டைத் திறந்து மேசைமேல் வைத்தேன். அக்கா இடது கையை நீட்டினார். கட்டைவிரலைப் பிடித்து மையில் வைத்து மெல்ல அழுத்தினேன். தோல் காய்த்து, வழவழவென்று இருந்தது. அவர் கண்ணை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டுச்சா தம்பி?" என்று கேட்டார்.

"பட்டுச்சுக்கா" என்றேன்.